ஒரு பிடி கல்லுப்பு

"மாமா முகத்தைப் பார்க்கறவங்க பார்த்துக்கச் சொல்றாங்க. மாடியில என்னம்மா பண்றீங்க?" என்று மகன் உமர் பாரூக் கீழிருந்து கூப்பிட்டான். இஸ்மத் செடிக் கன்றுகளை விட்டு இறங்கி வந்து, தம்பி கரீமின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டே அவனைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப் போனார்கள்.

கரீம், அழிந்துபோன கடலோர அலையாத்திக் காட்டை மறுபடி வளர்க்க இருபத்தைந்து வருஷம் பிச்சாவரம் சேற்றில் நின்ற விஞ்ஞானி. கல்யாணமும் கட்டவில்லை. நோயோடு போத்தனூருக்கு அக்கா வீட்டுக்குத் திரும்பியபோதும் சும்மா வந்தானா? வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் நாற்பது கன்றுகளைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் அடுக்க வைத்தான். அவனால் படியேற முடியாது. தண்ணீர் ஊற்றுவது அக்காவின் வேலை.

"வாளித் தண்ணியில ஒரு பிடி கல்லுப்புப் போட்டு ஊத்துக்கா."

பச்சைச் செடிக்கு உப்பா! இஸ்மத்துக்கு மனசு வரவில்லை. நல்ல சிறுவாணித் தண்ணீரையே ஊற்றினாள். தினமும் கட்டிலிலிருந்து கேட்பான், "உப்புப் போட்டியாக்கா?"

"போட்டேன் கண்ணு."

ஆறு மாசப் பொய். அந்தப் பொய்யோடு அவனை அனுப்பிவிட்டோமே, கன்றுகளும் வீணாய்ப் போனால் என்ன செய்வது என்றுதான் காலையிலிருந்து மாடியிலேயே நின்றிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும், கரீமோடு சேற்றில் வேலை பார்த்த மீனவர் கலியமூர்த்தி கன்றுகளைப் பார்க்க மாடிக்கு வந்தார். ஓர் இலையை நாக்கில் வைத்தார்.

"என்னம்மா, உப்பே இல்ல?"

"இலையில எப்படிங்க உப்பு இருக்கும்?"

"குடிச்ச உப்ப இது இலையில வேர்த்துத் தள்ளிடும். நக்கினா தெரிஞ்சிடும். கரீம் சாரும் இப்படித்தான் பாப்பாரு."

இஸ்மத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாலு மாசம் முன்பு கரீம் ஒரு கன்றைக் கீழே எடுத்து வரச் சொல்லி, இலையை நக்கிவிட்டுச் சிரித்தான். புத்தி பிசகிவிட்டதோ என்று அன்று அவள் அழுதாள். அடப்பாவி! உப்புப் போடவில்லை என்று தெரிந்தேதான் தினமும் கேட்டிருக்கிறான்.

"உப்புப் போடலீங்க. அவன்கிட்ட பொய் சொல்லிப்போட்டேன். கன்னு செத்துப்போயிருங்களா?"

"தளதளன்னு வந்திருக்கும்மா. பிச்சாவரம் கரைக்குக் கொண்டுபோயி கொஞ்சங்கொஞ்சமா உப்புக்குப் பழக்கிக்கலாம். நாளைக்குக் காலையில வண்டி வரும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. கீழே போய் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். உப்பு ஜாடியைத் திறந்தாள்.

"இப்ப என்னம்மா பண்றீங்க?" என்றான் மகன்.

"உப்புப் போடறேன்டா."

வாளிக்குள் கையை விட்டு, கல் முழுக்கக் கரையும்வரை கலக்கினாள்.