ரயிலடியில் அடக்கிய மூச்சு

ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று இளைத்த காலத்தில், திருத்தணியில் நான் ஒருத்திதான் பருத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டு என்ன செய்ய? தெருவில் என் வயிறு முன்னால் போயிற்று, நான் பின்னால் போனேன்.

காரணம் என் மாமனார். மலைமேல் மடப்பள்ளியில் சுவாமிக்குச் சமைக்கிறவர். இருட்டு பிரியுமுன் படியேறிப் போவார். உச்சிவேளைப் பூஜை முடிந்து இறங்கும்போது அவர் பங்குப் பிரசாதம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் வரும். ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல், ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் நெய் மிதக்கும் வெண்பொங்கல். மாமியார் இல்லாத வீடு. சாப்பிட நாங்கள் இரண்டே பேர்.

அவருடைய ஒரே பிள்ளை சேஷகிரிக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். நாற்பத்தொன்றில் அவர் பட்டாள ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்து சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். அடுத்த மாசியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அதோடு கடிதம் நின்றது. மனுஷர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

அன்றிலிருந்து மாமனார் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். தூக்கை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். "சாப்பிடும்மா" என்பார். நான் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்குத் தொண்டையில் இறங்காது. ஆனாலும் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதை விடுங்கள், அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விழுங்கினேன். மூன்றரை வருஷம் விழுங்கினேன்.

நாற்பத்தைந்து ஐப்பசியில் கடிதம் வந்தது. "உயிரோடு இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மார்கழிக்குள் வருவேன்." அவ்வளவுதான். மாமனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மலைக்கே திரும்ப ஓடினார். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், பிறகு குனிந்து பார்த்தேன். அங்கே அது உட்கார்ந்திருந்தது, என் மடியில், சாவகாசமாக.

அடுத்த தெரு காஞ்சனா அன்று சாயங்காலமே வந்தாள். "உங்காத்துக்காரர் வராராமே, சந்தோஷம்டி. எத்தனாவது மாசம்னு ஊர்ல கேக்கறா. நான்தான் அதெல்லாம் ஒண்ணுமில்லேன்னு சொல்லிண்டிருக்கேன்."

அவள் வாயில் மண் விழ. ஆனால் அவள் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. நாலு வருஷம் கழித்து வருகிற புருஷன் ரயிலை விட்டு இறங்குகிறார். எதிரே பெண்டாட்டி இப்படி ஒரு வயிறோடு நிற்கிறாள். அவர் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. இருந்தாலும் அந்த முதல் பார்வை ஒரு நொடி தடுக்கினால்? அந்த ஒரு நொடியை என்னால் ஆயுசுக்கும் மறக்க முடியாது. அவர் வருவதற்குள் இது போயாக வேண்டும்.

தலைவலி என்று சொல்லிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் மார்த்தாள் கெட்டிக்காரி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலையிலயா வலி?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு மருந்து ஒண்ணும் கிடையாதும்மா. பிள்ள பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிக் குடுப்பேன். அத்த செய்யறீங்களா?"

"நான் பிள்ளை பெறலையே."

"அது உங்க வயித்துக்குத் தெரியுமா?" என்று சிரித்தவள், கதவைச் சாத்தினாள். "முட்டி மேல கைய ஊனிகினு குனிங்க. மூச்ச பூரா வெளிய வுடுங்க. வுட்டாச்சா? ஆங், இப்ப மூச்சு வாங்காம வயித்த மட்டும் உள்ள இழுங்க. முதுகுல போயி ஒட்டிக்கினா மாதிரி இழுக்கணும்."

இழுத்தேன். மூன்று எண்ணுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. இருமல், சிரிப்பு, கண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்தன. வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. "தினம் காலைல, வெறும் வயித்துல செய்ங்க. பொங்கல குறைங்க" என்றாள் மார்த்தாள்.

அவள் சொன்னதில் முதல் பாதியை என்னால் செய்ய முடிந்தது. மாமனார் மலையேறியதும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிற்பேன். புஸ்ஸென்று மூச்சை விடுவேன். பத்து எண்ணுவேன், பிறகு பதினைந்து. பால் ஊற்ற வந்த கோதண்டம் ஒரு நாள், "உள்ள பாம்பு கீது பூந்துச்சாம்மா?" என்று தடியோடு வந்துவிட்டான். இரண்டாம் பாதிதான் நடக்கவில்லை. ஒரு நாள் பொங்கலில் கால் பங்கை ஒதுக்கி வைத்தேன். மாமனார் அந்த ஒதுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு என்னம்மா?" என்றார். அந்த வீட்டில் அவரால் காப்பாற்ற முடிந்தது என் ஒரு உடம்பைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒதுக்கியதை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆக, காலையில் இழுப்பதும் மதியம் நிரப்புவதுமாக எட்டு வாரம் போயிற்று. இத்தனைக்கும் லாபம் பாவாடை நாடாவில் இரண்டு விரல். இரண்டே விரல்! ஆனால் ஒரு வித்தை கைவந்துவிட்டது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மார்பு மட்டத்தில் துளித்துளியாக மூச்சு வாங்கி, கால் மணி நேரம் என்னால் நிற்க முடிந்தது. பேச மட்டும் முடியாது. வாயைத் திறந்தால் எல்லாம் விழுந்துவிடும்.

மார்கழி பத்தாம் தேதி காலை ரயிலில் அவர் வந்தார். ரயில் வருவதற்குக் கைகாட்டி மரம் இறங்கியதுமே நான் இழுத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து தொளதொளவென்று ஒரு காக்கிச் சட்டை இறங்கியது. உள்ளே ஆள் இருக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அதே கண். மாமனார், "சேஷு, சேஷு" என்று அவர் தோளையும் முதுகையும் தடவினார். அவர் என்னிடம் வந்து நின்றார்.

"சௌக்கியமா, ஞானம்?"

நாலு வருஷம் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் எழுந்து, குளித்து, நடமாடியிருக்கிறேன். பதில் சொல்ல என் உயிரே வாய்க்கு வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

குதிரை வண்டியில் மாமனார் ஓயாமல் பேசினார். யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, எந்தக் குளம் வற்றியது. நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். நான் இரண்டு தரமும் குதிரையின் வாலைப் பார்த்தேன். வீட்டில் இறக்கிவிட்டு, உச்சிவேளைக்கு நேரமாயிற்று என்று மாமனார் அதே வண்டியில் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்.

இவர் குளிக்கக் கொல்லைப் பக்கம் போனார். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், வயிற்றை இழுத்தபடிதான்.

"கோவமா?" என்றார் திரும்பாமலே. "உங்கிட்டக் கேக்காம கப்பல் ஏறினேனே, அதுக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். முதுகைக் காட்டி நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் சட்டையைக் கழற்றினார். திரும்பினார்.

விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு என்று ஒன்று இல்லை. குனியவில்லை, மூச்சை விடவில்லை, சும்மா நின்றிருந்தார். அது தானாக முதுகில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு வாரம் அடுக்களையில் குனிந்து நின்று நான் வரவழைக்கப் பார்த்த பள்ளம். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துத் தேற்றிய பிறகும் இப்படி. அப்படியானால் அதற்கு முன்னால்?

என் மூச்சு ஓவென்று வெளியே வந்தது. கூடவே வயிறும் வந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூடினேன். அவர் பார்த்துவிட்டார். கண் அங்கேயே நின்றது.

"வேற ஒண்ணும் இல்லே, அப்பாவோட பொங்கல்" என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு புருஷனிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான். "தினம் எதிர்ல உக்காந்து சாப்பிட வைச்சார். நீங்க அங்க பட்டினி கிடக்கேள்னு தெரியாது எனக்கு. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு வாய் இறங்கியிருக்குமா? நான் பாவி, உக்காந்து தின்னுண்டிருந்தேன்."

அவர் கிட்டே வந்து முந்தானையை விலக்கினார். காய்த்துப்போன உள்ளங்கையை என் வயிற்றின்மேல் வைத்தார். அழுத்தாமல், சூடு பார்க்கிற மாதிரி.

"அங்க ஜப்பான்காரன் சிறையில ஒருத்தன் சொன்னான், நம்ம பக்கமெல்லாம் அரிசியே கெடைக்கலே, ஜனங்க கிழங்கைத் தோண்டித் திங்கறான்னு" என்றார். "அன்னிலேர்ந்து எனக்குப் பசிச்சப்போல்லாம், ஞானத்துக்கும் இப்படித்தானே பசிக்கும்னு தோணும். அதை என்னால தாங்க முடியலே. என் பசியைத் தாங்கிண்டுட்டேன்."

கையை எடுக்கவில்லை. "ஸ்டேஷன்ல உன்னைப் பாத்தேன். மூஞ்சி நன்னா இருந்தது, ஆனா மூச்சு விட முடியாதவ மாதிரி நின்னே. வாயே திறக்கலே. என்ன வியாதியோன்னு வழியெல்லாம் பயந்துண்டு வந்தேன். நீ சாப்பிட்டிருக்கே. எல்லா நாளும் சாப்பிட்டிருக்கே, இல்லையா?"

"எல்லா நாளும்" என்றேன்.

"அது போறும்" என்று சொல்லி, கிணற்றடியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயிறு குலுங்கக் குலுங்க அழுதேன். அதை உள்ளே இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.