இருபதாவது மரம்

அடுத்த நிரையில் கத்திச் சத்தம் நின்றதும் கருப்பம்மாளும் பால் வெட்டுவதை நிறுத்தினாள். அவள் புருஷன் பிச்சைமுத்து ரப்பர் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். இருபதாவது மரம். நேற்றும் அங்கேதான் நின்றான்.

போன மாதம்வரை அறுபது மரம் தாண்டிய பிறகுதான் அவனுக்கு நெஞ்சு பிடிக்கும். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது என்று ஈப்போ டாக்டர் புது மாத்திரை கொடுத்தார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போது ஒன்றை விழுங்குவான். கொஞ்ச நேரத்தில் முகம் ஜிவுஜிவுக்கும், காது மடல் சுடும்.

“சம்சு அடிச்ச மாதிரி ஏறுது பாரு. மருந்து வேல செய்யுது லா!” என்பான்.

சூடு ஏறினால்தான் மருந்து என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் சட்டைக்கு மேலேயே அவன் நெஞ்சு தடதடவென்று அடிப்பதை அவள் பார்த்தாள். டாக்டரிடம் சொல்லலாம் என்றதற்குச் சீறினான்.

“வாயத் தொறந்துராத. மரம் வெட்ட லாயக்கில்லன்னு ஒரு சூராட் கடுதாசி எழுதிக் குடுத்தார்னா, மறுநாளே ஆபீஸ் கிராணி தோட்டத்து வீட்டக் கேப்பான். ஐயாவு குடும்பம் எங்க கெடக்கு, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. வேலையும் லயத்து வீடும் போன ஐயாவு, சுங்கை சிப்புட்டில் ஒரு லாரிக் கொட்டகைக்குப் பின்னால் தகரம் அடித்துக் குடியிருந்தான்.

கிளினிக்கில் பிச்சைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இப்ப எப்படி இருக்கு அண்ணே?”

“ஃபஸ்ட் கிளாஸ் டாக்டர்.”

டாக்டர் நாடியைப் பிடித்தார். “ரொம்ப ஓடுதே?”

“மாடிப்படி ஏறி வந்தேன்ல.”

“சரி, நல்லா கேக்குது மருந்து. ரெண்டு ரெண்டா கூட்டிப் பாப்போம்.”

பேனா காகிதத்தில் இறங்கியது. கருப்பம்மாள் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

“முந்தி அறுவது மரம் டாக்டர்,” என்றாள். “இந்த மருந்துக்கப்புறம் இருவதுதான்.”

“என்ன மரம்?”

அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் எழுதியதை அடித்தார். பிச்சைமுத்து சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த மாத்திர ரத்தக்குழாயத் தளர்த்தும்மா. அதுல பிரஷர் சட்டுனு இறங்கிட்டா, ஈடுகட்ட நெஞ்சு வேகமா அடிக்கும். ரத்தம் பத்தாத நெஞ்சு அப்படி ஓடக்கூடாது. எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகும். இதே வகையில இன்னொண்ணு இருக்கு, அது துடிப்ப நிதானப்படுத்தும். அதத் தாரேன்.”

பிறகு இன்னொரு தாளை எடுத்தார். “ரெண்டு மாசம் மரம் வெட்ட வேணாம்.”

பிச்சைமுத்து அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கீழே இறங்கியதும் அவளுக்காக நிற்காமல், கடைகளின் முன்னே தூண்கள் நின்ற ஐந்தடி நடைபாதையில் பஸ் நிலையத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான்.

அவன் கடந்து போகும் தூண்களை அவள், தன்னையறியாமல், எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். பதினாறு. பதினேழு. பதினெட்டாவது தூணில் அவன் கையை ஊன்றி நின்றான். மற்றக் கை சட்டைப்பையின் மேல் இருந்தது.

இரண்டு தூண் தள்ளி அவளும் நின்றாள், அவன் முதுகு மேலும் கீழும் அசைவது அடங்கும்வரை.