அலுமாரியில் இருந்த படம்

டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் மாக்கிரட் செவ்வாய்க்கிழமைகளில் லேயோவிடம் போவாள். எண்பத்தாறு வயது யூதர். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். கணினியில் பழக்கத்தில் தட்டிவிடுவார், திரும்ப வாசிக்கக் கண் தெரியாது. அவள்தான் வாசித்துக் காட்டுவாள். 1881இல் ரஷ்யப் பேரரசில் யூதரை ஏன் அடித்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பூட்டனின் கடை அதில்தான் எரிந்தது.

அன்றைக்கும் டேனிஷில் வாசித்தாள். மன்னரைக் கொன்ற பழி யூதர்மேல் விழுந்தது. அடிக்கச் சொல்லிப் புது மன்னரே கட்டளையிட்டார் என்று வதந்தி பரவியது. வேலையில்லாத கூட்டம் ரயிலில் வந்து இறங்கியது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. கிறிஸ்தவ அயலவர்கள் யன்னலில் சாமிப் படம் வைத்துத் தப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்தினாள்.

“என்ன, மாக்கிரட்?”

“நாங்களும் வச்சனாங்கள்.”

1983 ஆடி, கொழும்பு. அவளுக்குப் பதினொரு வயது. தமிழர் வீடுகளைத் தேடிக் கூட்டம் தெருவுக்குள் வந்தபோது, சிங்களக் கத்தோலிக்கர் வீடென்று நினைக்கட்டும் என்று அப்பா யேசுவின் திருஇருதயப் படத்தை வெளிக்கதவில் மாட்டினார். மேல்வீட்டு யோகம்மா ஓடிவந்தா.

“எங்களுக்கும் ஒரு படம் தாங்கோ அண்ணை.”

“ஒண்டுதான் இருக்கு, பிள்ளை.”

அலுமாரிக்குள் மாதா படம் இருந்தது. மாக்கிரட்டுக்குத் தெரியும். கூட்டம் படம் மாட்டிய கதவைக் கடந்து படியேறியது. யோகம்மாவின் புருஷன் சபாரத்தினத்தைக் கீழே இறக்கியபோது உயிர் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “இது உங்கட காரணங்களில எதுக்குள்ள வரும்?” என்று கேட்டாள்.



“குற்றம் சொல்ல முடியாது எண்டு எழுதினது எனக்காக,” என்றார் லேயோ. “ஆரையும் வெறுக்காமல் சாக வேணும் எண்டு. அது உண்மையோ எண்டு எனக்குத் தெரியாது.”

யோகம்மா இதே நாட்டில், எஸ்பியர்க்கில் இருப்பது அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஒருநாளும் போனதில்லை. அடுத்த நாள் மத்தியானம் யாரிடமோ இலக்கம் வாங்கி அழைத்தாள். மகன் கபிலன் எடுத்தான்.

“அம்மா போன மாசியில தவறிட்டா. நீங்கள் ஆர்?”

“கொழும்பில கீழ்வீடு. குருசுமுத்துவின்ர மகள்.”

“ஐயோ அக்கா! அம்மா உங்கட அப்பாவை நெடுக நினைப்பா. இன்னொரு படம் இருந்திருந்தா அந்த மனுசன் கட்டாயம் தந்திருக்கும் எண்டு சொல்லுவா.”

அலுமாரியில் இருந்த மாதா படத்தைச் சொல்லத்தான் மாக்கிரட் அழைத்திருந்தாள்.

“திவசம் எப்ப, தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.