மூன்றாம் வரி

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே பள்ளத்துக்குள் கடப்பாரைச் சத்தம் தொடங்கிவிடும். மசாக்கா நகரின் மேட்டுத் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஹோட்டலிலிருந்து சரிவில் இறங்கும் கழிவுநீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளம் அது. ஆழம் இரண்டு ஆள் உயரம். சில இடங்களில் அதற்கும் கொஞ்சம் கூடவே இருக்கும். அடியில் ஆறு பேர் வெட்டுவார்கள். இடையில் பலகைத் தட்டில் நிற்கும் இருவர் மண்ணை வாங்கி மேலே எறிவார்கள். மேலே நாகிட்டோவும் இன்னும் மூன்று பெண்களும் அதைச் சட்டியில் வாரித் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். நவம்பர் மாதத்துச் செம்மண். காய்ந்தால் கல், நனைந்தால் கூழ். சட்டி விளிம்பில் வழியும் சேறு கழுத்து வழியாக முதுகில் இறங்கி, வெயில் ஏறியதும் ஓடாகக் காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும்.

நாகிட்டோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொழிலாளர்களிலிருந்து ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று மேஸ்திரி செருவாஞ்சா கேட்டபோது, தேவாலயக் கூடத்து மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அவள் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டாள். ஒரு பச்சை மேலங்கியும் கார்பன் தாள் வைத்த ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு காலையும் ஆட்கள் இறங்குமுன் ஒரு பக்கத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு மேல்தாளை மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். நகல் புத்தகத்திலேயே இருக்கும். பக்கத்துக்கு ஏழு வரிகள். மூன்றாவது வரி: பக்கச் சுவர்களுக்கு முட்டும் தகரமும் சரியாக உள்ளனவா?

முதல் வாரம் அவள் ஏணி வழியாக இறங்கி, ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். அதற்கு அரை மணி நேரம் ஆகும். ஆட்கள் மேலே கடப்பாரையோடு காத்து நிற்பார்கள்.

"என்னம்மா, சுவருக்கு ஜுரம் இருக்கான்னு பாக்குறியா?" என்று மேஸ்திரி கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாம் வாரத்தில், கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே ஏழு வரிக்கும் டிக் போடப் பழகிவிட்டாள்.

சனிக்கிழமைதான் அது நடந்தது. வதக்கித் தின்னும் பச்சை வெட்டுக்கிளிக்காக ஊர் முழுக்கக் காத்திருந்த வாரம். முதலாளி முயிங்கோவுக்கு மலை உச்சியில் ஒரு பொறி உண்டு. பெரிய விளக்குகள், அவற்றைச் சுற்றிச் சாய்த்து நிறுத்திய தகரங்கள், தகரத்தில் மோதி வழுக்கி வரும் பூச்சி விழ அடியில் பீப்பாய்கள். இந்த ஆண்டு வரத்து அதிகம் என்று பேச்சு அடிபட்டது; தகரம் போதவில்லை. பிற்பகலில் லாரி பள்ளத்தருகே வந்து நின்றது. சுவரின் மண்ணை அணைத்து நின்ற தகரங்களைக் கழற்றி ஏற்றச் சொன்னான் மேஸ்திரி.

"கம்பு நிக்குதில்ல, அது போதும். மண்ணு சிமெண்டு மாதிரி இறுகிக் கெடக்கு. திங்கக்கிழமை காலையில திரும்ப வந்துடும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், குதூகலமாகவே செய்தார்கள். அந்தத் தகரங்களை அடித்திருந்த தச்சர் போகெரேதான் ஆணிகளைப் பிடுங்கினார். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு லாரியில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டிலிருந்து ஆளுக்கொரு வாளி வெட்டுக்கிளி வந்தது. இறகும் காலும் கிள்ளி, வெங்காயம் போட்டு வதக்கிய அதை நவம்பரில் வேண்டாம் என்று சொல்ல மசாக்காவில் ஆள் கிடையாது.

அடியில் மண் வெட்டும் முகலுலா ஒருவர்தான் தொடவில்லை. அவர் வெட்டுக்கிளிக் குலம். குலத்தின் பேரைத் தாங்கிய உயிரை அந்தக் குலத்தவர் தின்னமாட்டார்கள். அதைப் பிடிக்கப் போகிற தகரத்தையும் தொடமாட்டேன் என்று சனிக்கிழமை லாரிக்குத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க சொந்தக்காரங்கதான் எண்ணெயில வேகப் போறாங்க, போய்ப் பாருங்க" என்று பலகைத் தட்டில் நிற்கும் பையன்கள் சீண்டினார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை தகரம் வரவில்லை. வரத்து நன்றாக இருக்கிறதாம், இன்னும் இரண்டு நாளாம். அன்று மாலை கனமழை கொட்டியது.

செவ்வாய் விடியற்காலை, பள்ளத்தின் விளிம்போடு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு விரல் அகலம், நாகிட்டோவின் பத்து எட்டு நீளம். தலையில் சட்டியோடு அதை இரண்டு முறை தாண்டிப் போனாள். மூன்றாவது முறை தாண்டும்போது ஒன்றரை விரலாகிவிட்டதோ என்று நினைத்தாள். தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்றும் நினைத்தாள். முட்டுக் கம்புகளின் இடைவெளியில் சுவரிலிருந்து மண் சர்க்கரைபோல உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே, கஞ்சி குடிக்கும்போதே, மூன்றாம் வரிக்கு டிக் போட்டிருந்தாள். கம்பு இருக்கிறது, தகரம் இல்லை. பாதி உண்மை, முழுப் பொய் ஆகாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போட்ட டிக்.

பள்ளம் சரிந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. நெல் மூட்டையைத் தரையில் இறக்குவதுபோல ஒரு 'தொம்'. அவ்வளவுதான். பிறகு கடப்பாரைகள் நின்றன. கீழே ஐந்து பேர் ஏணியை நோக்கி ஓடினார்கள். ஆறாவது ஆள் முகலுலா. அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு தோளும் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தன.

மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி மேஸ்திரி கத்தினான். போகெரே அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். "அந்த அதிர்வுல எதிர்ச் சுவரும் வந்துடும். வாயை மூடிக்கிட்டு பலகையை எடு." ஹோட்டலுக்காக வந்து கிடந்த கதவுகளை எதிர்ச் சுவருக்கு வைத்து முட்டுக் கொடுத்தார். பிறகு நால்வர் இறங்கிக் கையால் தோண்டினார்கள். மண்வெட்டி பட்டால் உடம்பு கிழிந்துவிடும். நாகிட்டோவும் இறங்கினாள். மண் ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. தோண்டத் தோண்டத் திரும்ப வழிந்தது. நெஞ்சுவரை வெளியே வந்ததும் முகலுலா பேசினார். குரல் ரொம்பச் சன்னமாக வந்தது.

"இழுக்காதீங்கப்பா. கால் எங்க இருக்குன்னே தெரியல."

முக்கால் மணி நேரமாயிற்று. ஒரு கதவில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, உயிருக்கு இன்னும் உறுதி சொல்ல முடியாது என்று நண்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

அதே நேரத்தில் முதலாளி முயிங்கோவும் வந்தார். தகர அறைக்குள் நாகிட்டோவை மட்டும் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, உட்காரச் சொன்னார். நாளை காலை பத்து மணிக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதாகச் சொல்லிவிட்டு, மேசைமேல் ஒரு புதுப் புத்தகத்தை வைத்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கம் ஏற்கனவே நிரப்பப்பட்டிருந்தது. மூன்றாம் வரியில் 'இல்லை'. அதன் கீழே ஒரு குறிப்பு: யாரும் இறங்கக்கூடாது எனப் பொறுப்பாளர் எச்சரித்தார், மீறி இறங்கினர். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பழைய புத்தகத்தைக் குடுத்துட்டு இதுல போட்டுடு, மகளே. உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன். நீ டிக் போட்டது வெளிய தெரிஞ்சா முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க."

"முகலுலா அண்ணனுக்கு?"

"சொல் பேச்சு கேக்காம இறங்கின ஆளுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டதாகவும் காலையில் கொண்டுவருவதாகவும் நாகிட்டோ சொன்னாள். அது அவள் மேலங்கிக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பள்ளத்தின் பக்கமாக நடந்தாள். கையெழுத்துப் போட்டால் அவள் எச்சரித்தவள், கடமையைச் செய்தவள். போடாவிட்டால், பார்க்காமல் டிக் போட்டு ஓர் ஆளைக் குழிக்குள் அனுப்பியவள். இரண்டாவதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்ல வேறு யாருக்கும் அவசியமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தைரியசாலி அல்ல என்று தன்னைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு. அந்த மதியமும் அது மாறவில்லை. கூரை போடாத ஹோட்டல் தளத்தின் கீழ் மற்றவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். புத்தகத்தை எடுத்து நடுவில் வைத்தாள்.

முதலில் அவள்மேல்தான் பாய்ந்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டா டிக் போட்டாய் என்று ஒருவன் கேட்டான். படித்தவளை நம்பினால் இப்படித்தான் என்றாள் அவளோடு மண் சுமப்பவள். இன்னும் கொஞ்ச நேரம் வசவு ஓடியது. போகெரே இடதுகை விரல்களால் வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆணியைப் பிடுங்குனது இந்தக் கை" என்றார் கடைசியில். "மண்ணு நிக்காதுன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா முட்டுக் குடுக்கிறவன். சனிக்கிழமை நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பொறி வச்சா நமக்கும் ஒரு வாளி வரும்னு நினைச்சேன். வந்துச்சு. தின்னேன்."

அதற்குப் பிறகு யாரும் நாகிட்டோவைத் திட்டவில்லை. தாங்கள் லாரியில் எத்தனை தகரம் ஏற்றினோம் என்று பையன்கள் எண்ணிச் சொன்னார்கள்; முப்பத்தாறு. அவள் ஒரு தாளில் எழுதினாள். மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி தேதியிலிருந்து தொடங்கினாள். சனிக்கிழமை யார் சொன்னது, யார் கழற்றியது, எங்கே போயிற்று, திங்களும் செவ்வாயும் பார்க்காமல் டிக் போட்டது யார். எழுதி முடித்து இரண்டு முறை உரக்கப் படித்தாள். ஒரு இடத்தில் 'விபத்து' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னார் போகெரே. அடித்துவிட்டு 'மண் சரிந்தது' என்று எழுதினாள். முதல் கையெழுத்து அவளுடையது. பிறகு பதினொரு பேர், சிலர் கட்டைவிரலால்.

புதன்கிழமை விடிந்தபோது வானம் ஈயம்போல இருந்தது. பன்னிரண்டு பேரும் பள்ளத்துக்குத் தள்ளிப் பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கருவிகள் தரையில் கிடந்தன. அடியில் இரவு மழைநீர் தேங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் கொடுத்த கதவுகளில் ஒன்று முன்பக்கம் வளைந்திருந்தது. எட்டு மணிக்கு முதலாளியின் வண்டி வந்தது. பின்னாலேயே மேஸ்திரியும் வந்தான்.

"பள்ளம் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கு?" என்றார் முயிங்கோ.

"தகரத்துக்காக" என்றார் போகெரே.

"சீசன் முடியட்டும்யா. நாலே நாள்."

"அப்ப நாலு நாள் கழிச்சு இறங்குறோம். தகரம் அடிச்சு, நானே தட்டிப் பாத்த பொறவு."

முயிங்கோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஆளுக்கொரு வாளி வாங்கித் தின்னீங்களே. அப்ப இந்தச் சட்டமெல்லாம் எங்க போச்சு?"

"தின்னோம், முதலாளி. அதையும் எழுதியிருக்கோம்."

அவருக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு நாகிட்டோ பக்கம் திரும்பினார். குரல் நேற்றைப்போல மென்மையாக இல்லை.

"புத்தகம் எங்க?"

"என்கிட்டதான் இருக்கு."

"அதைக் காட்டினா நீ தப்பிச்சுடுவேன்னு நெனைக்கிறியா? உன்னையும் சேத்துத்தான் உள்ள தள்ளுவாங்க."

"தெரியும். என் பேருதான் முதல்ல இருக்கு" என்றாள்.

முயிங்கோ மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். அரை மணி நேரத்தில் கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் ன்யெண்டோ சந்திப்பிலிருந்து ஒரு லாரி நிறையப் புது ஆட்கள் வந்தார்கள். வேலை கிடைத்த முகங்கள். சிலர் வெறுங்காலோடு இருந்தார்கள். முதலில் லாரியிலிருந்து குதித்த ஒருத்தன், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "என்ன, கல்யாணத்துக்கா உக்காந்திருக்கீங்க?" என்று கேலி செய்தான். யாரும் சிரிக்கவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தவன், வளைந்து நின்ற கதவையும் கீழே மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டையும் கண்டு நின்றுவிட்டான்.

மேஸ்திரி ஏணியைக் காட்டி, "எறங்கு, எறங்கு, நேரமாச்சு" என்றான்.

முதல் தூறல் விழுந்தது. ஆய்வாளரின் வண்டி இன்னும் வரவில்லை. வருமா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் முகலுலாவை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லாரியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், இறங்குவதா வேண்டாமா என்று, எட்டிப் பார்த்தவனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் ஏணியின் பக்கம் போகவில்லை. நாகிட்டோவின் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"எந்த எடத்துல, அக்கா? எப்படி விழுந்துச்சு?"

போகெரே பலகையில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். லாரியிலிருந்து இன்னும் இருவர் குதித்து அருகே வந்து நின்றார்கள். நாகிட்டோ மேலங்கியின் பொத்தானைக் கழற்றிப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். மழை படாமல் கையால் மூடிக்கொண்டாள்.

"முதல்ல நான் செஞ்சதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.