கண்ணாடிப் பெட்டிக்குள் யானை

மரணத்துக்கு முன்னால் மனிதர்கள் எல்லோரும் சமம். அங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேதம் கிடையாது. ஆனால் கம்பெனி கொடுத்தனுப்பிய படம் மட்டும் வாசல் கதவைவிட ஒரு முழம் அகலமாக இருந்தது.

"சாய்ச்சுப் பிடிங்கப்பா. இன்னும் சாய்ங்க. கால் பக்கம் முதல்ல போகட்டும், தலை அப்புறம்," என்று கவசம் சார் தெருவில் நின்றபடி உத்தரவு போட்டார். உள்ளே கிடத்தியிருந்தவரையும் இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே கதவு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றியது. கவசம் சாருக்கு மட்டும் தோன்றவில்லை. அவர் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம், முகக்கவசம், கைக்கவசம் என்று ஓயாமல் பேசியதில் தொழிற்சாலையில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

படத்தின் ஒரு பக்கத்தைக் கம்பெனி டிரைவர் பிடித்திருந்தார். மறுபக்கத்தைப் பிடித்திருந்தவன் இறந்தவரின் மைத்துனன், அவர் மனைவிக்கு ஒரே தம்பி. அவன் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

"கையில என்ன?" என்றார் கவசம் சார்.

"கண்ணாடி கிழிச்சிருச்சு சார்."

"ம்."

எந்தக் கண்ணாடி என்று அவர் கேட்கவில்லை. தம்பிக்காரன் கட்டுப் போட்ட கையைப் படத்தின் பின்பக்கம் நகர்த்திக்கொண்டான்.

ஒருவழியாகப் படம் உள்ளே வந்து சுவரில் சாய்ந்தது. மாமாவின் தலைமாட்டில், மாமாவைவிடப் பெரிதாக. தலையில் ஹெல்மெட், நெற்றியிலிருந்து தாடை வரை மூடிய கண்ணாடி முகமூடி, அதிலிருந்து இறங்கும் தடித்த குழாய். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததால் முகம் தெரியவில்லை. கம்பெனி வாசலில் பாதுகாப்பு வாரத்துக்கு வைத்த பலகைதான் அது. கீழே 'என் மூச்சு, என் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. அதன்மேல் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு வெள்ளைத் தாளை அவசரத்தில் ஒட்டியிருந்தார்கள். தாள் போதாமல் 'என் பொறுப்பு' மட்டும் வெளியே தெரிந்தது.

கவசம் சார் மலர் வளையத்தைப் படத்தின் கழுத்தில் சார்த்தி, கண்களை மூடி நின்றார். பிறகு திரும்பி, உடம்பு கிடந்த இடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பெரியம்மா எழுந்துவந்து படத்தின் வயிற்றைத் தடவினாள். "எப்படி இருந்த புள்ள! சாப்பிடவே மாட்டேங்கறான்னு இவ சொல்லிட்டே இருப்பா. இதுல நல்லா சதை போட்டுத்தானே இருக்கான்!" என்று ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் படத்தைப் பார்த்து அழுதார்கள். அக்கா மட்டும் படத்தின் பக்கம் திரும்பவில்லை. மாமாவின் கன்னத்தில் முகமூடியின் ரப்பர் விளிம்பு பதிந்திருந்த கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அழியவில்லை.

தம்பிக்காரன் வராந்தாவுக்கு வந்தான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கும் இவனுக்கும் கூட்டாளி.

"மாலை உனக்கு நல்லாத்தான்யா இருக்கு," என்றார் வெல்டர் மெதுவாக.

"சும்மா இருண்ணே."

"நான் சும்மாதான் இருக்கேன். நீ எவ்வளவு நேரம் சும்மா இருப்பேன்னுதான் பாக்கறேன்."

படத்தில் இருந்தது மாமா இல்லை. இவன்தான். போன வருஷம் படம் எடுக்க வந்தபோது முதலில் மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். அவருடைய ஒட்டிய கன்னத்தில் முகமூடி நிற்காமல் வழுக்கியது. "ஆரோக்கியமா ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கப்பா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க," என்றார் கவசம் சார். இவன் போய் நின்றான். மாமா தொட்டி கழுவப் போய்விட்டார். அதன்பின் மாமன் மச்சான் இருவரில் யாரை நிறுத்தினோம் என்பது கவசம் சாருக்கு நினைவில் தங்கவில்லை. முகமூடி போட்ட ஆட்களில் யாரைத்தான் அவருக்குத் தெரியும்?

முகமூடிகளைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். வகுப்பெடுப்பார். மேஜைமேல் வரிசையாக வைத்து, இது தூசிக்கு, இது ஆவிக்கு, இது கண்ணுக்கும் சேர்த்து என்று பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். ஆட்கள் அவற்றுக்குத் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். காகித முகமூடி 'டீ வடிகட்டி'. இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த அரை முகமூடி 'ரெட்டை மூக்கு'. முழு முகத்தையும் மூடுவது 'மீன்தொட்டி'. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வருவது 'யானை'.

"தொட்டிக்குள்ள யானை ஒண்ணுதான்!" என்று கடைசியில் மேஜையைத் தட்டுவார். அவரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டிருந்தார். "வடிகட்டி கெட்ட காத்தைச் சுத்தம் பண்ணும். காத்தே இல்லேன்னா எதைச் சுத்தம் பண்ணும்? சொல்லுங்க பாப்போம்!"

எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். பிறகு ரெட்டை மூக்கை மாட்டிக்கொண்டு பசைத் தொட்டிக்குள் இறங்குவார்கள். ஏனென்றால் தொழிற்சாலையில் யானை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்குள், கேடயங்களுக்கு நடுவில் இருந்தது.

முந்தாநாள் மாமா தொட்டிக்குள் இறங்கியபோது தம்பிக்காரன் மேலே கயிற்றோடு நின்றான். உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. "மாமா!" என்று கத்தினான். கயிறு உள்ளே எதிலோ சிக்கியிருந்தது, இழுத்தால் வரவில்லை. வரவேற்பறைக்கு ஓடினான். அலமாரி பூட்டியிருந்தது. சாவி கவசம் சாரின் கைப்பையில். கவசம் சார் ஊரின் மறுகோடியில், ஒரு ஓட்டல் மண்டபத்தில், சிறந்த பாதுகாப்புக்கான கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். இவன் கையாலேயே கண்ணாடியைக் குத்தி உடைத்தான். குழாய் பின்னால் புரள யானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அதன் பித்தளை முனை அங்கிருந்த எந்தக் காற்றுக் குழாயிலும் பொருந்தவில்லை. ஒன்றுக்குப் பெரிதாக இருந்தது, மற்றதுக்குச் சின்னதாக இருந்தது. ரத்தக் கையோடு திருகிக்கொண்டே இருந்தான். கடைசியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் மூக்கோடு இறங்கப் போனவனை வெல்டர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தீயணைப்புக்காரர்கள் வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

"இங்க வாப்பா," என்று கவசம் சார் அவனைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்தாலும் அது மேடைக் குரல்தான். "தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா வந்துட்டிருக்காங்க. குடும்பத்துக்கிட்ட பேசணுமாம். உங்க அக்கா பாவம், அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம். நீ பேசு."

"என்ன சார் பேசணும்?"

"ஒண்ணே ஒண்ணு. மாமாவுக்கு யானை மாட்டிப் பழக்கம் உண்டான்னு கேப்பாங்க. உண்டுன்னு சொல்லு. படமே இருக்கே, பொய்யா சொல்றோம்? என்ன சமத்தா நின்னாரு அன்னிக்கு! இன்னும் என் கண்ணுலயே நிக்கறாரு." கவசம் சாருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. "பழக்கம் இருந்தும் மாட்டாம இறங்கிட்டாரு. விதி. யாரைக் குத்தம் சொல்ல?"

"சாவி உங்ககிட்ட இல்ல சார் இருந்தது?"

கவசம் சார் அவன் கைக்கட்டைப் பார்த்தார்.

"அலமாரியை உடைச்சது யாருன்னு நான் தேடப் போறதில்ல. கம்பெனி சொத்துதான், இருந்தாலும் தேடல. திங்கக்கிழமை மூணாவது தொட்டி. உன் முறைதானே? வேலை வேணும்ல? வீட்டுல இனி சம்பாதிக்கிறது நீ ஒருத்தன்தான். யோசிச்சுப் பேசு."

தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்காரன் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றான். உண்டு என்றால் மாமா தன் அலட்சியத்தால் செத்தவர் ஆவார், காலத்துக்கும். அதைச் சொன்னதும் அவருடைய மச்சினனே என்றாகும். திங்கட்கிழமை அவனே ரெட்டை மூக்கோடு இறங்குவான், மேலே வேறு யாராவது கயிற்றைப் பிடித்திருப்பார்கள். பழக்கம் இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும். கண்ணாடியை உடைத்ததற்குப் போலீஸ்கூட வரலாம். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். போதவில்லை.

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

ஆய்வாளர் அம்மா குள்ளமாக, தோளில் துணிப்பையோடு வந்தார். கவசம் சார் எழுந்து ஓடி, "வாங்க மேடம், இப்படி," என்று படத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. நேராக உடம்பின் அருகே போய் நின்றார். மாமாவின் கன்னத்துக் கோட்டைக் குனிந்து பார்த்தார். அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

"ஆளு நல்லா இளைச்சிருக்காரு," என்றார்.

"கடுமையான உழைப்பாளி மேடம்," என்றார் கவசம் சார். "எங்க கம்பெனியில சகல வகை முகக்கவசமும் இருக்கு. காகிதத்துல இருந்து காத்துக் குழாய் வரைக்கும். இவரு எல்லாத்துலயும் பயிற்சி எடுத்தவரு. பாருங்க, சாட்சி சுவத்துலயே இருக்கு."

"குடும்பத்துல யாரு பேசறீங்க?"

"மச்சினன் மேடம். அவனும் நம்ம ஆளுதான். சொல்லுப்பா."

பெரியம்மா மூக்கைச் சிந்துவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"தம்பி, இந்தப் படத்துல இருக்கற முகமூடி உங்க மாமாவுக்குப் பழக்கமா?"

அவன் கைக்கட்டைத் தடவினான். கவசம் சார் உற்சாகப்படுத்துவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெல்டர் வாசல்படியில் வந்து நின்றார். அக்கா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். படத்தைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள்.

"மாமா அதைத் தொட்டதே இல்லைங்க," என்றான்.

"அப்போ இது?"

"அது நான்."

கவசம் சார் சிரித்தார். சாவு வீட்டில் எவ்வளவு சிரிக்கலாமோ அவ்வளவு. "பாசம் மேடம். அதிர்ச்சியில இருக்கான், என்ன பேசறோம்னே தெரியல. ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கம். முகமே தெரியாத படத்துல இவன் எப்படி..."

"அவருக்கு ஏதுங்க தொப்பை?" என்றாள் அக்கா.

பெரியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"படம் வந்ததுமே தெரியும்," என்றாள் அக்கா, தம்பியிடம் மட்டும். "நீயா சொல்வேன்னு இருந்தேன்."

கவசம் சார் படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு வருஷம் தினமும் கம்பெனி வாசலில் கடந்துபோன வயிற்றை அப்போதுதான் அவர் கவனித்தார். "அப்படின்னா... அப்படின்னா இவன் பயிற்சி எடுத்தவன் மேடம்! யாரா இருந்தா என்ன? நம்ம ஆளுக்குப் பயிற்சி குடுத்திருக்கோமா இல்லையா? அதுதானே கேள்வி!"

ஆய்வாளர் அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை நகர்த்திப் படத்துக்கு இன்னும் அருகில் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அலமாரியை உடைச்சதும் நான்தாங்க," என்றான் அவன், யாரும் கேட்காமலே. "அதைப் போட்டுக்கிட்டு இறங்கலாம்னு ஓடினேன். பூட்டியிருந்தது. உடைச்சு எடுத்தா எங்கயும் மாட்ட முடியல."

"எங்கயுமா?"

"ஒண்ணுலயும் சேரலைங்க. அண்ணன் பாத்தாரு."

வாசல்படியிலிருந்து வெல்டர் "ஆமாங்க" என்றார்.

"அப்போ படம் எடுக்கறப்போ மட்டும் எப்படி மாட்டினீங்க? குழாய் பின்பக்கமா எங்கயோ போகுதே. மறுமுனை எதுல இருந்தது?"

தம்பிக்காரன் கவசம் சாரைப் பார்த்தான். கவசம் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

படம் எடுத்த அன்று குழாயின் மறுமுனை அவனுடைய பேன்ட்டின் பின்பாக்கெட்டில் இருந்தது. தரையில் கிடந்தால் படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று கவசம் சார்தான் அதை மடித்துச் செருகிவிட்டிருந்தார்.