தாளில் விடுபட்ட வட்டம்

எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று டிப்போவில் அட்டவணை போடுவது அவள் வேலை. முப்பத்தெட்டு வண்டிகளை ஒரே தாளில் முட்டிக்கொள்ளாமல் ஓட்டிவிடுவாள். அண்ணனுக்குக் கிட்னி கொடுப்பதா வேண்டாமா என்பதில்தான் மூன்று வாரமாகத் தலை கிறுகிறுத்தது. குடும்பத்தில் பொருந்தியது அவளுடையது மட்டும்தான்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லீங்க," என்றார் ஆஸ்பத்திரி ஆலோசகர். "மனசுல ஓடுறதையெல்லாம் ஒரு தாள்ல வட்டமா போடுங்க. எது எதை இழுக்குதுன்னு அம்புக்குறி போட்டுப் பாருங்க."

ஞாயிறு காலை, மகள் நீச்சல் வகுப்புக்குப் போனதும் மேசையில் தாளை விரித்தாள். நடுவில் 'கிட்னி'. சுற்றிலும் மகள், வேலை, உடம்பு, பயம், அண்ணி, வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னை மட்டும் ஏன் இத்துனூண்டு போட்டிருக்க?"

"நீங்கதான் உடனே சரின்னுட்டீங்களே. தொந்தரவு இல்லாத ஆளுக்குப் பெரிய வட்டம் எதுக்கு?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், அம்புகளை விரலால் தொடர்ந்து பார்த்தார். "எல்லாம் கொடுக்கலாம்னுதானே சொல்லுது? அப்புறம் ஏன் தயங்குற?"

அவள் பென்சிலை மறுபடி எடுத்தாள். ஓரத்தில் 'அம்மா' என்று எழுதி வட்டமிட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன் அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்திலேயே இருந்த அண்ணன் வெளியூரில் இருந்த தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போன் வந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒப்புக்குப் பேச்சுதான். 'அம்மா'விலிருந்து 'கிட்னி'க்கு அவள் இழுத்த கோட்டில் தாள் கிழிந்தது.

"இதைக் கேக்காம விட்டா, கொடுத்தாலும் குத்தும், கொடுக்காட்டியும் குத்தும்," என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு டயாலிசிஸ் வார்டுக்குப் போனாள். கையில் குழாயோடு படுத்திருந்த அண்ணனின் போர்வை மேல் தாளை வைத்தாள்.

"என்ன இது, பஸ் ரூட்டா?"

"உனக்குக் கொடுக்கலாமான்னு யோசிச்சது. படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். கிழிசலில் விரல் நின்றது.

"முதல்ல சாதாரண ஜுரம்னாங்க. உன்னை எதுக்குப் பதற வைக்கணும்னு விட்டுட்டேன். நாலாம் நாள் மோசமாச்சு. அப்ப சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பியேன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே..." கண்ணாடியைக் கழற்றினான். "தப்புதான்மா. நீ எனக்கு எதுவும் தர வேண்டாம்."

"அதை நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். 'அம்மா'விலிருந்து போன அம்புக்குறியை அழித்தாள், வட்டத்தைத் தொடவில்லை.

"கோபம் போகல. போகுமான்னும் தெரியல. ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட மாட்டேன். தரேன்."

இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதற்கு அடுத்த வாரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து அண்ணனின் அறைக்குப் போனாள். அண்ணி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்தப் பதினோரு நாளும் அம்மா என்னென்ன பேசினாங்க? ஒண்ணு விடாம சொல்லு," என்றாள்.

அண்ணன் தலையணையைச் சரிசெய்துகொண்டு, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.