லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் மனைவி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், எழுதுகிற கை இந்த வரியோடு நின்றுபோகட்டும். நிற்கவில்லை, பார்த்தீர்களா. ஆகவே இது சத்தியம் என்று ருசுவாகிவிட்டது, மேலே போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தையல்காரம்மா தேநீரைக் கொண்டுபோய்க் கணவரின் மேஜையில் வைத்தபோது, கணினித் திரையில் இருந்த நான்கு வரிகள் அவள் கண்ணில் பட்டன. வேண்டுமென்று படிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். இடம் இருந்தால் நுழைந்துவிடும்.

‘இவன் முதல் மனைவியைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு ஓடிவந்தவன். இடது தோளில் தீக்காயத் தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்பதை இப்போதைய மனைவியிடம் மறைத்து வைத்திருக்கிறான். முதல் மனைவி இன்றும் இவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.’

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய இடது தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. மோட்டார் அறையில் சுட்டுக்கொண்டது என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறார்.

“என்னங்க இது?”

“விளையாட்டும்மா. வாளு, மந்திரம், டிராகன் எல்லாம் வரும். இவன் நான் உருவாக்குன வீரன். அது அவனோட பின்கதை, அவன் பழைய வாழ்க்கை.”

“ஓ,” என்றாள். அந்த ‘ஓ’ மூன்று முழம் இருக்கும்.

அவளுடைய தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயதாகியும் அதே விளையாட்டில், அதே குழுவில் மந்திரவாதியாக இருப்பவன். நேரே அவன் கடைக்குப் போனாள்.

“அக்கா, பின்கதை இல்லாத வீரன் ஹேங்கர்ல தொங்குற சட்ட மாதிரி. உள்ள ஆள் இருக்காது. எல்லாரும் என்ன எழுதுவாங்க தெரியுமா? அப்பா அம்மாவ பூதம் கொன்னுடுச்சு, பழி வாங்கப் போறேன்னு. அந்த உலகத்துல உசுரோட ஒரு தாய் தகப்பன் கிடையாது! நல்ல பின்கதைன்னா மறைக்கிற விஷயம் ஒண்ணு வேணும், தேடி வர்ற ஆளு ஒருத்தர் வேணும். அப்பதான் கதை நகரும். அதோட கொஞ்சம் நிஜமும் கலக்கணும். இல்லேன்னா ஒட்டாது.”

“எவ்வளவு நிஜம்?”

“உப்பு மாதிரி. அளவா.”

“உன் மாமா சமைச்சா உப்பு எப்படிடா இருக்கும்?”

தம்பி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். மாமா சமைத்ததை அவன் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறான்.

தையல்காரம்மாவுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவள் அவசரப்படுகிறவள் இல்லை. அன்று சாயங்காலம் புதுச் சட்டைக்கு அளவெடுப்பதாகச் சொல்லிக் கணவரை நிற்கவைத்தாள். பொய் சொல்கிறவனுக்கு மூச்சு மார்பில் நிற்கும், மார்பு அரை அங்குலம் ஏறும். இது தையல் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். டேப்பை மார்பில் சுற்றி இறுக்கிக்கொண்டு, “இந்தத் தழும்பு மோட்டார் ரூம்ல பட்டதுதானே?” என்று கேட்டாள்.

“ஆமா, பின்ன?”

டேப் முக்கால் அங்குலம் ஏறியது.

மறுநாளே தம்பியிடம், “அந்த விளையாட்டுல எனக்கும் ஒரு ஆள செஞ்சு குடு,” என்றாள். முகத்தை அவளே பார்த்துப் பார்த்துச் செய்தாள். மூக்குக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். பின்கதைக்கு மூன்று நாள் பிடித்தது. வெட்டினாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். கடைசியில் இப்படி வந்தது: ‘இவள் இடது தோளில் தழும்புள்ள வீரன் ஒருவனால் கைவிடப்பட்டவள். கணவனைப் பழிவாங்கத் தேடவில்லை. அவன் விட்டுப்போன சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது. தைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்காகத் தேடுகிறாள்.’

குழுவில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்கள். விளையாட்டு உலகமே அவள் பக்கம் சாய்ந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் வீரனுக்குக் கொல்லன் வாள் விற்க மறுத்தான். சத்திரத்தில் இடம் இல்லை என்றார்கள். குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெருப்புக் கக்க வாய் திறந்த டிராகன், ஆளை அடையாளம் கண்டதும் வாயை மூடிக்கொண்டு, ‘நீ முதல்ல போய் அந்தப் பொம்பளையப் பாரு,’ என்றது.

வேறு வழியில்லாமல் அவர் ஒரு கல்பாலத்தில் அவளைச் சந்திக்க வந்தார். நிஜத்தில் அவர் இருந்தது வீட்டுக் கணினி முன்னால், அவள் இருந்தது தம்பி கடையின் பின்னறையில். அந்த விளையாட்டில் பேச்செல்லாம் எழுத்தில்தான், குரல் காட்டிக்கொடுக்காது.

‘ஏன் விட்டுட்டுப் போனீங்க?’ என்று தட்டினாள்.

‘தாயே, கொஞ்சம் விளையாட்ட நிறுத்திட்டு நிஜம் பேசறேன். எனக்கு முதல் பொண்டாட்டியும் கிடையாது, மூணாவது பொண்டாட்டியும் கிடையாது. ஒரே ஒருத்திதான். மறைக்கிற விஷயம் எழுதச் சொன்னாங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். மேல போறேன், கீழ வர்றேன். இதுல எத மறைக்கிறது?’

‘அப்ப தழும்பு?’

பதில் துண்டு துண்டாக வந்தது.

‘கல்யாணத்தன்னிக்குக் காலைல சட்ட கசங்கியிருந்துச்சு. கழட்டச் சோம்பேறித்தனம். போட்டபடியே இஸ்திரி போட்டுட்டேன். பொண்ணு தையல்காரிங்க. அவகிட்ட போய் இத எந்த வாயால சொல்றது?’

நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. பின்னறையில் தனியாக உட்கார்ந்து தையல்காரம்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த கல் ஏறி உட்கார்ந்தது. கட்டினவளிடம் இருபது வருடமாகத் திறக்காத வாய், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், பாலத்தில் நின்று, பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டதே? அவளோ மூக்கும் முழியுமாக லட்சணமாக வேறு இருக்கிறாள்.

முன்பக்கம் வந்து, “டேய், உன் மாமா ஆளு சரியில்லடா,” என்றாள்.

“அக்கா, அது நீதானே!”

“அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?”

தம்பி ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

முதல் மனைவி அந்தப் பாலத்திலேயே அவரை மன்னித்து அனுப்பிவிட்டாள். இரண்டாவது மனைவிதான் பதினோரு நாள் பேசவில்லை.

இந்தக் கதைக்கு நான் அளவெடுத்த தையல்காரம்மா இன்றுவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். எழுதுகிற கை என்னவோ இன்னும் நிற்கவில்லை.